மூக்கண்ணனும் பின்பக்கத்துப் பைப்பும்

என் கடைக்கும் மூக்கண்ணன் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தகரச் சுவர். அந்தப் பக்கம் ஸ்பேனர் விழுந்தால் இந்தப் பக்கம் தையல் கோணும். பதினொரு வருடமாக என் கோணல் தையலுக்கு இதைத்தான் காரணமாகச் சொல்லி வருகிறேன். அவர் ஷெட் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தையல் கோணத்தான் செய்கிறது. அதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

நான் கார் சீட் தைப்பவன். ஊசி என்று கூப்பிடுவார்கள். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. உடம்பைப் பார்த்திருந்தால் மூட்டை என்று வைத்திருப்பார்கள்.

மூக்கண்ணனுக்கும் அப்படித்தான். பார்வைக்கு அவர் மூக்கு கொஞ்சம் சப்பை. ஆனால் ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வந்தவர் மாதிரி குனிவார். ஒரு மூச்சு இழுப்பார். "பெல்ட் வழுக்குது" என்பார். இன்னொரு மூச்சு. "சைலன்சர் மேல ஆயில் சொட்டுது. இன்னிக்கு நேத்து இல்ல, ஒரு மாசமா சொட்டுது." வண்டிக்காரர் வாயைப் பிளப்பார். எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே ஓடுகிற மருந்துத் தண்ணீரான கூலன்ட் ஒழுகினால் கேட்கவே வேண்டாம். சர்க்கரைப் பாகு காய்ச்சுவது போல ஒரு இனிப்பு வாசனை அதற்கு உண்டு. ஒரு சொட்டு சூட்டில் ஆவியாகிப் போனாலும், எந்த இடுக்கிலிருந்து போனது என்று கைவைத்துக் காட்டுவார்.

எந்த வேலையாக இருந்தாலும் கடைசியில் அந்த மோப்பச் சோதனை உண்டு. எஞ்சினை இருபது நிமிடம் ஓடவிடுவார். ஷட்டரைப் பாதி இறக்குவார். ஃபேனை நிறுத்துவார். "எல்லாரும் வெளிய போங்க. சோப்பு போட்டுக் குளிச்சவங்க முதல்ல போங்க" என்பார்.

"நான் குளிக்கவே இல்லண்ணே" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"அப்ப நீ தெருவத் தாண்டிப் போ" என்றார்.

அண்ணிகூட வெளியே வந்துவிட வேண்டும். அண்ணி என்றால் அவர் மனைவி. அந்த ஷெட்டின் பாதி வேலை அவருடையது. அண்ணன் போல்ட்டைக் கழற்றக் கழற்ற, ஒரு பெரிய அட்டையில் எஞ்சினைக் கோட்டுப் படமாக வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் ஓட்டை போட்டுச் செருகி வைப்பார். மாட்டும்போது ஒன்று மிஞ்சியதாகச் சரித்திரம் இல்லை. எனக்கு ஒரு குஷன் தைத்து முடித்தால் இரண்டு கிளிப் மிஞ்சும். வண்டி இலேசானது நல்லது என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

மற்ற ஷெட்டுகளில் கூலன்ட் ஒழுக்குப் பார்க்க ஒரு கைப்பம்பு வைத்திருப்பார்கள். தண்ணீர் ஊற்றும் மூடியைக் கழற்றிவிட்டு அதில் மாட்டி அடித்தால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். மூக்கண்ணனிடமும் ஒன்று இருந்தது. சுவரில் ஆணியில் தொங்கியது. அதன் கைப்பிடியில்தான் அண்ணி சாப்பாட்டுப் பையை மாட்டுவார். அந்த பம்புக்கு வேறு வேலை இருந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

போன குளிர்காலக் கடைசியில் அண்ணனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்தார். எழுந்து வந்தபோது அவரோடு மூக்கு எழுந்து வரவில்லை. பெட்ரோலைக் கையில் ஊற்றி முகர்ந்தாலும் ஒன்றும் தெரியவில்லையாம். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணியிடமும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

நாலு மாதம் கண்ணாலும் காதாலும் விரலாலும் ஒப்பேற்றினார். வழக்கம்போலக் கையைக் கட்டிக் குனிந்தார், மூச்சை இழுத்தார், பிறகு டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னார். பெரும்பாலான ஒழுக்கு கண்ணுக்குத் தெரிவதுதான். ஒருநாள் மத்தியானம் அவர் அந்த பம்பை ஆணியிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, மூக்குக்கு லீவா?" என்று கேட்டேன்.

அவர் பம்பைத் திரும்ப மாட்டினார். அதன்மேல் சாப்பாட்டுப் பையையும் மாட்டினார். என் வாயிலிருந்து ஆயிரம் ஜோக் வந்திருக்கிறது, ஒன்றும் நினைவில் இல்லை. இது ஒன்று மட்டும் போக மாட்டேன் என்கிறது.

மழைக்கு முந்தின புழுக்கத்தில் அந்த வண்டி வந்தது. இரண்டு கதவு, கறுப்பு, தாழ்ந்த முதுகு. வண்டிக்காரர் கப்பலில் எஞ்சின் அறை இன்ஜினியர். எட்டு மாதம் கடல், நாலு மாதம் வீடு. எங்களுக்கு அவர் கப்பல்காரர்.

"வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணி குறையுது. தரையில ஒரு சொட்டுகூட இல்ல" என்றார். "கப்பல்னா எங்க போகுதுன்னு சொல்லிடுவேன். இதுல கைய நுழைக்கவே இடம் இல்லையே."

"மேல உக்காந்திருக்கு பாருங்க, அதான் காரணம்" என்றார் அண்ணன். மேலே உட்கார்ந்திருந்தது சூப்பர்சார்ஜர். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்புகிற கனத்த அலுமினியப் பெட்டி. வண்டியின் சீற்றமெல்லாம் அதனால்தான். அதன் வயிற்றுக்கு அடியில், எஞ்சினின் இரண்டு தோளுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில், கூலன்ட் போகிற பைப்புகள் கிடக்கின்றன. பிளாஸ்டிக் பைப்புகள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று.

"இவ்வளவு விலை வண்டியில பிளாஸ்டிக்கா?" என்றார் கப்பல்காரர்.

"அடுப்புக்கு அடியில பிளாஸ்டிக் டப்பாவ வெச்சுட்டு, நல்லா ஓட்டுங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கான்" என்றார் அண்ணன். "ஒழுகுற தண்ணி அந்தப் பள்ளத்துலயே கொதிச்சு ஆவியாப் போயிடும். தரைக்கு எப்படி வரும்?"

இரண்டு நாள் வேலை. பெல்ட்டைக் கழற்றி, ரப்பர் ஹோஸ்களைக் கழற்றி, சூப்பர்சார்ஜரை நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். என் பங்குக்கு முனகலை மட்டும் தூக்கினேன் என்று அண்ணி சொன்னார். அட்டையில் நாற்பத்தேழு போல்ட் வரிசையாக நின்றது. முன்பக்கத்துப் பைப்பை அண்ணன் விரலால் தொட்டதும் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. அதற்கு அலுமினியத்தில் செய்த மாற்று உடனே கிடைத்தது. பின்பக்கத்துக்கு மூன்று வாரம் ஆகும் என்றான் உதிரிபாகக் கடைக்காரன்.

அண்ணன் டார்ச் அடித்துப் பின்பக்கத்துப் பைப்பைப் பார்த்தார். விரலால் தடவினார். நகத்தால் தட்டினார். முழுசாகத்தான் இருந்தது.

கப்பல்காரர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். "அடுத்த வாரம் வீட்டம்மாவ மலைக்குக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கேன். ஆனா அவசரமில்ல. நீங்க காத்திருன்னு சொன்னா காத்திருக்கேன். வேற வண்டியில போயிக்கலாம். உங்க மூக்கு என்ன சொல்லுதோ அதான்."

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, எங்களை வெளியே அனுப்பினார். தெருவில் நானும் அண்ணியும் கப்பல்காரரும் பரீட்சை முடிவுக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றோம். இருபது நிமிடம் போனது. இன்னும் பத்து நிமிடம் போனது. ஷட்டர் ஏறியது. அண்ணன் நெற்றியெல்லாம் வியர்வை.

"ஒண்ணும் இல்ல. எடுத்துட்டுப் போங்க" என்றார்.

கப்பல்காரர் போகவில்லை. ஓட்டுநர் சீட்டின் ஓரம் பிய்ந்திருந்தது, அதையும் தைத்துவிடலாம் என்று வண்டியை என் கடைக்குள் விட்டுவிட்டுக் காலையில் வருவதாகச் சொல்லிப் போனார். எஞ்சின் இன்னும் சூடாக இருந்தது. நான் உள்ளே உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். ஸ்டியரிங் பக்கத்தில் ஏசி காற்று வருகிற துவாரம் வழியாக மெல்ல ஒரு வாசனை. இனிப்பாக, மிட்டாய் டப்பாவைத் திறந்தது போல.

"அண்ணே" என்று தகரத்தைத் தட்டினேன். "வண்டிக்குள்ள மிட்டாய் வாசன வருது."

அந்தப் பக்கம் ஸ்பேனர் சத்தம் நின்றது. பிறகு, "கழட்டுறப்ப சிந்துனதுடா. ரெண்டு நாள் சூட்டுல காஞ்சு போயிடும்."

"சரிண்ணே. எனக்குத்தான் பசியோன்னு நெனச்சேன்."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னை இறங்கச் சொல்லிவிட்டு அந்த சீட்டில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். நான் பக்கத்தில் நின்று, மனிதர் என் தையலைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தையல் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பதினொரு வருடத்தில் அவர் என் தையலைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு நான் வீட்டுக்கு விசில் அடித்துக்கொண்டு போனேன்.

ஒன்பதாம் நாள் மழையில் அந்த வண்டி திரும்பி வந்தது. இழுவை வண்டியின் முதுகில் வந்தது. இடது பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது. கதவு இருந்த இடத்தில் கதவு மாதிரி ஏதோ இருந்தது. இழுவை வண்டியின் முன் சீட்டிலிருந்து கப்பல்காரர் இறங்கினார். சட்டை கசங்கியிருந்தது. இரண்டு நாளாக மாற்றவில்லை போல.

"வீட்டம்மா?" என்று அண்ணிதான் முதலில் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில. இடுப்பெலும்பு. ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. நடப்பாங்களாம். கோல் ஊணி."

தகரத்தின் மேல் மழை பேசிக்கொண்டிருந்தது.

"இறக்கத்துல வளைவு. ஒரே நிமிஷம். முன்னாடி கண்ணாடி பூரா வெள்ளை. பானெட்டுல இருந்து புகையா வருது, ஒரு கை தூரத்துல இருக்கிறதுகூடத் தெரியல. தடுப்புச் சுவர்ல அவ பக்கம் போய் இடிச்சுது." முகத்து மழையைத் துடைத்தார். "சூடு காட்டுற முள்ளு நடுவுலயேதாங்க இருந்தது. கடைசி வரைக்கும் நடுவுல."

"தண்ணி இல்லாமப் போனா முள்ளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அண்ணன் மெதுவாக. "அது தண்ணியத் தொட்டுத்தான் சூடு சொல்லும்."

"தெரியும். முப்பது வருஷமா இதத்தானே பாக்குறேன்." கப்பல்காரர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். "திறங்க. என் கண்ணால பாக்கணும்."

பானெட்டைக் கடப்பாறை வைத்து நெம்பித்தான் திறந்தார்கள். மறுபடி பெல்ட், மறுபடி ஹோஸ், மறுபடி போல்ட். அண்ணி பழைய அட்டையையே எடுத்து வந்தார். ஓட்டைகள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு போல்ட்டும் ஒன்பது நாளைக்கு முன்னால் இருந்த அதே இடத்தில் போய் நின்றது. நான் என் கடையில் உட்கார்ந்து ஒரு சீட் உறையைத் தைத்துக்கொண்டு, தகரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர்சார்ஜரைத் தூக்கக் கூப்பிட்டார்கள். போய்த் தூக்கினேன். அன்றைக்கு முனகலும் வரவில்லை.

முன்பக்கத்து அலுமினியப் பைப் பளபளவென்று இருந்தது. பின்பக்கத்துப் பைப்பை அண்ணன் தொட்டார். அச்சில் வார்த்த ஒட்டுக்கோடு ஒன்று அதன் நீளத்துக்கு ஓடும். சரியாக அந்தக் கோட்டில், தலையிலிருந்து வால் வரை பிளந்திருந்தது. அன்றைக்கு அது குளிர்ந்தால் மூடிக்கொள்ளும், சூடேறினால் வாய் திறக்கும் விரிசல். கண்ணுக்கும் நகத்துக்கும் அகப்படாதது. மூக்குக்கு மட்டும் அகப்படக்கூடியது.

கப்பல்காரர் அதைக் கையில் வாங்கினார். மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அவ சொன்னா" என்றார். "ஏறினதுல இருந்து சொல்லிட்டே வந்தா. ஏதோ இனிப்பா வாசன வருதுங்கன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீ போட்டிருக்கிற சென்ட்தான்னேன். சிரிச்சேன். மூக்கண்ணனே பாத்துட்டாரு, உனக்கு என்ன தெரியும்னேன். ரெண்டாவது தடவ சொன்னப்ப பாட்டு சத்தத்தக் கூட்டினேன்." பைப்பைத் திருப்பிப் பிடித்தார். "எஞ்சின் ரூம்ல வேலை பாக்குறவன். கட்டினவ சொல்லியும் நிறுத்தல. இத நான் எங்க போய்க் கொட்டுறது? உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க. பைப்புன்னா என்னிக்காவது வெடிக்கத்தான் செய்யும். கேக்காதது நான்."

அவர் அழுதுவிட்டார். அண்ணி தண்ணீர் எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தார்.

நான் தகரத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். மிட்டாய் வாசனை என்று சொன்னவன் நான். அதைக் கப்பல்காரரிடம் சொல்லியிருக்க வேண்டியவனும் நான். அவர் அழுதபோது என் உதட்டில் இரண்டு குண்டூசி இருந்தது. தைக்கும்போது வைத்துக்கொள்வது வழக்கம். வாயில் ஊசி இருந்ததால் பேசவில்லை என்று பிற்பாடு எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். எடுத்திருக்கலாம். இரண்டே ஊசிதான்.

அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். அந்த இனிப்பு வாசனை எனக்கும் வந்தது என்று அவருக்குத் தெரியும். பேசாமல் இருந்திருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். கப்பல்காரர் குற்றத்தைத் தன் தலையில் தானே தூக்கி வைத்துக்கொண்டு போயிருப்பார். பத்து நாளில் கப்பல் ஏறியிருப்பார். எட்டு மாதம் கடலில் அதை நினைத்துக்கொண்டே இருந்திருப்பார். எங்கள் தெருவில் மூக்கண்ணன் மூக்கண்ணனாகவே இருந்திருப்பார்.

"எனக்கு மூக்கு இல்லைங்க" என்றார் அண்ணன்.

கப்பல்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாலு மாசமா இல்ல. காய்ச்சல்ல போச்சு. அன்னிக்கு ஷட்டர இறக்கிட்டு அரை மணி நேரம் சும்மா நின்னேன். எதுவும் தெரியல. இவன் வந்து இனிப்பா வாசன வருதுன்னு சொன்னான். சிந்துனதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். நீங்க காத்திருக்கேன்னுதான் சொன்னீங்க. நான்தான் எடுத்துட்டுப் போங்கன்னேன். உங்க வீட்டம்மா மூக்குதான் சரி. நீங்க சிரிச்சது என்னைய நம்பித்தான்."

மழை கொஞ்சம் ஓய்ந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. கப்பல்காரர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பம்பு இல்லையா உங்ககிட்ட?" என்று மட்டும் கேட்டார். சாதாரணக் குரலில்.

அண்ணன் சுவரைக் காட்டினார்.

கப்பல்காரர் எழுந்து போனார். சாப்பாட்டுப் பையைக் கழற்றி, உள்ளே இருப்பது சிந்திவிடாமல் மேசைமேல் நேராக வைத்தார். பம்பை எடுத்தார். அடித்துப் பார்த்தார். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. புஸ் என்று காற்று போனது. திரும்ப ஆணியில் மாட்டினார். சாப்பாட்டுப் பையையும் எடுத்து அதன்மேல் மாட்டினார்.

"இத அவகிட்ட வந்து நீங்களே சொல்லுங்க" என்றார். "நான் சொன்னா, என்னையே தேத்திக்கிறதுக்காகச் சொல்றேன்னு நெனப்பா."

இழுவை வண்டிக்குப் போன் செய்தார். கழற்றிய சூப்பர்சார்ஜரையும் போல்ட் அட்டையையும் அப்படியே வண்டிக்குள் ஏற்றச் சொன்னார். பிளந்த பைப்பைத் தன் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது யாரையும் பார்க்கவில்லை.

அவர் போனதும் அண்ணி நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, உனக்குத் தெரியுமா? இவருக்கு மூக்கு போனது?"

ஊசிகளை எடுத்துவிட்டு, "இல்ல அண்ணி, சத்தியமா" என்றேன்.

"எனக்கே தெரியல. உனக்கு எப்படித் தெரியும்." சுவரில் சாய்ந்துகொண்டார். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த மனுஷன் என் சமையல்ல குத்தம் சொல்லாம ஒரு வாய் சாப்பிட்டதில்ல. எண்ணெய் பழசு, பால் அடி பிடிச்சிருக்கு, வெங்காயம் கருகிடுச்சு. வாசப்படியில நின்னே சொல்லுவாரு. நாலு மாசமா ஒரு வார்த்தை இல்ல. வெச்சத சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போறாரு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? படுத்து எந்திரிச்சதுல மனுஷனுக்கு அருமை தெரிஞ்சிடுச்சுன்னு. திருந்திட்டாருன்னு. சந்தோஷமா இருந்தேன் தம்பி. நாலு மாசம் புதுப்பொண்ணு மாதிரி சந்தோஷமா சமைச்சேன்."

எனக்கு என் தையலுக்குக் கிடைத்த பாராட்டு ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையிலேயே தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இழுவை வண்டிக்காரன் வாய் அப்படி. மூன்று வண்டிக்காரர்கள் போன் செய்து, வேலை இருக்கு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். ஒருவர் நேரில் வந்து, பாதி பிரித்த வண்டியை அப்படியே தள்ளிக்கொண்டு போனார். அண்ணன் பின்னால் நின்று தள்ளிக் கொடுத்தார்.

மத்தியானம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வீடு ஷெட்டுக்குப் பின்னாலேயே. ஒரு அறை, ஒரு சமையலறை. மேசைமேல் புது பம்பு ஒன்று பெட்டி பிரிக்காமல் இருந்தது. காலையில் அண்ணி போய் வாங்கி வந்தாராம். இரண்டு பேரும் நேற்றிலிருந்து பேசிக்கொள்ளவில்லை என்பது உட்கார்ந்ததுமே தெரிந்தது. தட்டு வைக்கிற சத்தத்தில் தெரிந்துவிடும்.

"சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றார் அண்ணன், என்னைப் பார்த்து. "அந்தம்மாகிட்ட என்னன்னுடா ஆரம்பிக்கிறது?"

நான் ஜோக் ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன். வரவில்லை. "நானும் வரேண்ணே. எனக்கும் வாசன வந்துச்சே" என்றேன்.

அவர் தலையாட்டினார்.

அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார், எங்களுக்கு முதுகைக் காட்டி. உருளைக்கிழங்கு வதங்கிக்கொண்டிருந்தது. கரண்டி கையில் இருந்தது, கிளறவில்லை. அடி பிடித்துப் புகை கிளம்பி என் கண்ணில் பட்டது. அண்ணி அசையவில்லை. எங்கேயோ இருந்தார். நான் எட்டிப்போய் அடுப்பை அணைத்தேன். அப்போதுதான் திடுக்கிட்டு, இருந்ததைத் தட்டில் போட்டார். பாதி கறுப்பு.

அண்ணன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். பிறகு என் பக்கம் குனிந்தார். எஞ்சினுக்குக் குனிகிற மாதிரியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"டேய், என்ன வாசன வருது? உள்ளத சொல்லு."

அண்ணியைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை.

"கருகின வாசனண்ணே" என்றேன். "நல்லாவே கருகிடுச்சு."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தட்டை அரை சாண் தள்ளி வைத்தார்.

"ஏம்மா" என்றார். "இப்படிக் கருக விட்டிருக்கியே. வாயில வைக்க முடியுதா இத?"

அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற அண்ணியின் தோள் குலுங்கியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிவிட்டு, திரும்பாமலே சொன்னார்:

"சாப்பிடுங்க. வேற இல்ல."